வலைப்பந்தலுக்குக் கீழே ஒரு முகம்

கிள்ளான் துறைமுகத்தில் ஆண்டு முழுக்கக் கோடைதான். நிலநடுக்கோட்டுக்கு 3 பாகை வடக்கே இருக்கிறோம்; நண்பகலில் சூரியன் ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேலே நிற்கும். அந்த வெயிலில் எடுத்த முகப்படத்தில் புருவத்துக்குக் கீழே இரண்டு இருட்டுக் குழிகள்தான் தெரியும். கல்யாணத்துக்கு முன் படமெடுக்கப் பூந்தோட்டம் தேடும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளிடம் நான் சொல்வது இதுதான்: பூவை அப்புறம் பாருங்கள், முதலில் கூரையைப் பாருங்கள்.

குளிர்நாட்டுக்காரர்கள் செடிக்குச் சூடு வேண்டிக் கண்ணாடி வீடு கட்டினார்கள். நம் செடிக்கு வேண்டியது நிழல். ஷா ஆலாம் தாவரப் பூங்காவில் நான்கு பருவங்களையும் மாற்றி மாற்றிக் காட்டவே ஒரு வீடு கட்டினார்கள். எனக்கென்னவோ சுங்கை பூலோ நர்சரிகளின் வலைப்பந்தல்தான் உசத்தி. அந்த இடம் 1930இல் தொழுநோயாளிகளுக்காகத் திறந்த குடியிருப்பு. அங்கே வாழ்ந்தவர்கள் பிழைப்புக்காகச் செடி வளர்க்கப் போய், இன்று கிள்ளான் பள்ளத்தாக்கே பூச்செடி வாங்க அங்கேதான் போகிறது. பந்தலிலும் கறுப்பு வலையாகப் பார்த்து நிற்க வேண்டும். பச்சை வலை முகத்தில் பச்சையைப் பூசிவிடும். கறுப்பு வலை வெளிச்சத்தைக் குறைக்குமே தவிர நிறத்தைத் தொடாது.

அப்படி ஒரு பந்தலில் ஒரு கிள்ளான் போட்டோகிராபர் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஏர்கோன் காரிலிருந்து எடுத்த லென்ஸில் ஆவி படிந்திருந்தது. துடைக்காமல், அது தானாக விலகும்வரை செடிகளுக்கிடையே நடந்து வெளிச்சம் பார்த்தார். கடுகு மஞ்சள் பட்டில் மணப்பெண். பின்னால் ஆர்க்கிட்கள்: ஊதா டென்ட்ரோபியம் வரிசை, வேரை அந்தரத்தில் தொங்கவிட்ட வாண்டா. சுற்றிலும் இலை என்பதால் தாடைக்கடியில் பச்சை ஏறியிருந்தது. மாநிறத் தோலில் அது நோயாளிக் களையைக் கொண்டுவந்துவிடும். பெண்ணின் அம்மாவிடம் மடித்த வெள்ளை வேட்டியைக் கொடுத்து, "ஆன்ட்டி, இடுப்பு உயரத்துல பிடிங்க, இன்னும் கொஞ்சம் சாய்ச்சு" என்றார். வேட்டி சாய்ந்ததும் கழுத்துப் பச்சை கழன்றது. இரண்டு கண்ணிலும் ஒவ்வொரு வெள்ளைப் புள்ளி வந்து உட்கார்ந்தது. மேலுதட்டு வியர்வையை ஒற்ற ஒப்பனைக்காரப் பெண் பவுடரோடு வந்தபோது, "விடும்மா, அந்த மினுக்கம் இருக்கட்டும்" என்று தடுத்தார். அந்த ஒரு சொல்லுக்காகவே அவர்மேல் எனக்கு மரியாதை. நம் ஊர் வெக்கையும் அந்த முகத்தில் இருக்க வேண்டியதுதானே!

இந்தக் கலைக்குப் பெரிய ஆசான் ஒருவர் உண்டு: ஜூலியா மார்கரெட் கேமரன். 48 வயதில் பரிசாக வந்த கேமராவோடு தொடங்கியவர், இங்கிலாந்தின் வைட் தீவில் கண்ணாடிக் கோழிக்கூடு ஒன்றையே ஸ்டூடியோவாக மாற்றிக்கொண்டார். 1875இல் இலங்கைக்குக் குடிவந்து, களுத்துறையில் 1877இல் பூ ஓவியர் மேரியன் நோர்த்தைப் படமெடுத்தார். அதற்கு முந்தைய ஆண்டுதான் நோர்த் நம் சரவாக் காட்டில் செடிகளை வரைந்திருந்தார். அங்குள்ள ஒரு கெண்டிச்செடி இன்றும் அவர் பெயரைத் தாங்குகிறது. கேமரன் அவருக்குக் கம்பளித் துணி போர்த்தி, கூந்தலை அவிழ்த்துவிட்டு, தென்னை ஓலை தலையில் குத்த, உச்சிவெயிலில் நிறுத்தினார். காற்றில் ஓலை அசைய அசைய வெயில் கண்ணில் பாய்ந்தது. வெப்பம் 96 பாரன்ஹீட். இயல்பாக இருக்கச் சொன்னாராம்! நோர்த்தே தன் நினைவுக்குறிப்பில் இதை எழுதியிருக்கிறார். வைட் தீவில் இருந்த கூரை களுத்துறையில் இல்லை, அவ்வளவுதான்.

ஒளியை நம் தோலுக்கு அளப்பது தனி வித்தை. நிறத்தைச் சரிபார்க்கக் கோடாக் நிறுவனம் கலர் லேப்களுக்கு அனுப்பிய ஷெர்லி அட்டைகளில் நெடுங்காலம் இருந்தது வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். அதற்கு ஏற்ப நிறம் அமைத்த லேப்களில் நம் அத்தைமார் முகங்கள் கல்யாண ஆல்பத்தில் மையாய் அப்பிக்கிடந்தன. இன்றைய கேமராவில் சிக்கல் வேறு பக்கம். மாநிற முகம் துலங்க ஒளியைக் கூட்டினால், பின்னாலிருக்கும் ஊதாவும் சிவப்பும் வெந்து, இதழின் நரம்பெல்லாம் அழிந்து வெறும் சாயத் திட்டாகிவிடும். பூவுக்காகக் குறைத்தால் முகம் போச்சு. அன்று அந்தக் கிள்ளான் போட்டோகிராபர் கேமராவில் எதையும் திருகவில்லை. "தங்கச்சி, பந்தல் ஓரத்துக்கு வாங்க" என்று பெண்ணை வெளிச்சம் கூடிய விளிம்பில் நிறுத்திவிட்டு, ஆர்க்கிட் தொட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி, இரட்டை வலை போட்டிருந்த உள்பக்கத்துக்குக் கொண்டுபோய் வைத்தார்.