கடிதம் திறந்த கதவுகள்

கோவிட் பெருந்தொற்று பரவிக்கொண்டிருந்த 2020 மார்ச் 26 அன்று, இங்கிலாந்தில் வீடற்றோர் விவகாரங்களைக் கவனித்த அமைச்சர் லூக் ஹால் உள்ளாட்சி மன்றங்களுக்கு ஒரு கடிதம் அனுப்பினார். தெருவில் உறங்குவோரையும் நெரிசலான இரவுக் காப்பகங்களில் தங்குவோரையும் அந்த வார இறுதிக்குள் பாதுகாப்பான இடத்தில் சேர்க்க வேண்டும் என்றது கடிதம். 'எவ்ரிஒன் இன்', அதாவது 'எல்லாரும் உள்ளே' என்று பெயர்பெற்ற இந்தத் திட்டம் நோய்த்தடுப்பு நடவடிக்கையாக வென்றது. வீடற்ற நிலையைத் தீர்க்கும் கொள்கையாகப் பாதி வழியில் நின்றுபோனது.

வெற்றிக்கு முதல் காரணம் தனியறை. அதுவரை இங்கிலாந்தின் குளிர்காலக் காப்பகங்கள் பலவும் தேவாலயக் கூடங்களில் வரிசையாகப் படுக்கை விரித்து நடந்தவை. அத்தகைய பொதுக்கூடத்தில் தொற்று எப்படிப் பரவும் என்பதை அமெரிக்காவின் பாஸ்டன் காட்டியது. 2020 ஏப்ரல் தொடக்கத்தில் அங்கே ஒரு காப்பகத்தில் 408 பேரைச் சோதித்ததில் 147 பேருக்குத் தொற்று இருந்தது. அவர்களில் பெரும்பாலோருக்கு எந்த அறிகுறியும் இல்லை. வாசலில் காய்ச்சல் பார்த்து உள்ளே விடும் முறை போதாது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. லாஸ் வேகாஸ் நகரமோ, விடுதிகள் காலியாகக் கிடந்த நாட்களில், வாகன நிறுத்துமிடத்தில் கட்டம் வரைந்து மனிதர்களைப் படுக்கவைத்தது. இங்கிலாந்து அந்தக் காலி அறைகளையே வாடகைக்கு எடுத்தது. முதல் அலையில் இந்நடவடிக்கைகள் 266 மரணங்களைத் தடுத்திருக்கும் என்று லான்செட் குழும இதழொன்றில் வந்த ஆய்வு மதிப்பிட்டது. கணித மாதிரி என்பதால் எண்ணைத் துல்லியமாகக் கொள்ள வேண்டாம். பலன் கிடைத்தது என்பதில் ஐயமில்லை.

இரண்டாவது காரணம், நிபந்தனைகளை ஒதுக்கிவைத்தது. இங்கிலாந்துச் சட்டப்படி வீடற்றவர் தமக்கு 'முன்னுரிமைத் தேவை' இருப்பதை நிறுவ வேண்டும். அந்த ஊரோடு தொடர்பு உண்டா, வீட்டைத் தாமே இழந்தாரா என்றும் ஆராய்வார்கள். பிள்ளைகுட்டி இல்லாத, உடல்நலமுள்ள ஒற்றை ஆள் பெரும்பாலும் முதல் சோதனையிலேயே வெளியே நிற்பார். இந்தச் சல்லடை விலகியதும் 2021 ஜனவரிக்குள் 37,000-க்கும் மேற்பட்டோர் உதவி பெற்றனர். அவர்களில் 26,000-க்கும் மேற்பட்டோர் நீண்டகாலத் தங்குமிடங்களுக்கு மாறினர். ஒரே முகவரியில் ஆட்கள் இருந்ததால் மருத்துவர்களும் போதை மீட்புப் பணியாளர்களும் அவர்களைத் தேடி அலையவேண்டியிருக்கவில்லை.

குறை எங்கே? அடித்தளத்தில். திட்டம் சட்டத்தின்மேல் நிற்கவில்லை, கடிதத்தின்மேல் நின்றது. அரசு நலநிதி பெற உரிமையில்லாத குடியேறிகளையும் சேர்க்கலாம் என்றே மன்றங்கள் முதலில் புரிந்துகொண்டன. மே மாத இறுதியில் வந்த அடுத்த கடிதம் பழைய சட்டத் தடையை நினைவூட்டியது. ஓர் ஊரில் அறை கிடைத்தவருக்கு அடுத்த ஊரில் கதவு மூடியது. தொற்றுக் காலத்தில் அவர்களுக்கும் இடமளிக்க மன்றங்களுக்கு அதிகாரம் உண்டு என்று உயர் நீதிமன்றம், பிரைட்டன் நகர மன்றம் தொடர்பான வழக்கில், 2021 மார்ச்சில்தான் தெளிவாக்கியது. கடிதம் போய் ஓராண்டு ஆகியிருந்தது.

அறைகள் கிடைத்ததும் சூழலின் தயவால்தான். சுற்றுலா முடங்கியதால் விடுதிகள் திறந்தன. 2020 ஜூலையில் அவை வழக்கமான விருந்தினரை ஏற்கத் தொடங்கியபோது அரசு மாற்றிடம் தேட வேண்டியதாயிற்று. நோய்க்கு மருந்தான தனிமை, மனநலம் குன்றியோருக்கும் போதைக்கு அடிமையானோருக்கும் சுமையாகவும் ஆனது. அறை தருவதோடு பணி முடியாது. உடன் நிற்க ஆள் வேண்டும்.

விளைவை ஆண்டுதோறும் இலையுதிர்காலத்தில் எடுக்கும் ஓரிரவுக் கணக்கு சொல்கிறது. தெருவில் உறங்கியோர் 2019-இல் 4,266, 2020-இல் 2,688, 2021-இல் 2,440. பிறகு ஏறுமுகம்: 2023-இல் 3,898, 2024-இல் 4,667. உயர்ந்த வாடகையும் பற்றாக்குறையான சமூக வீடுகளும் இந்த ஏற்றத்துக்குக் காரணம். அவசரகாலத் திட்டத்தை மட்டும் பழிப்பது நியாயமல்ல. ஆனால் சல்லடையை நிரந்தரமாக அகற்றும் வாய்ப்பு கைக்கு வந்தும் நழுவவிடப்பட்டது.

அது ஆகாத காரியமும் அல்ல. அண்டையிலுள்ள ஸ்காட்லாந்து 'முன்னுரிமைத் தேவை' என்ற சோதனையை 2012 இறுதியிலேயே சட்டத்திலிருந்து நீக்கிவிட்டது. அங்கும் வீட்டுக்காகக் காத்திருப்போர் ஏராளம். ஆயினும் அவர்கள் உரிமையோடு காத்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் அந்தச் சோதனை இன்னும் நீடிக்கிறது.