நித்திரையிற் சுவாசங் காக்கும் யந்திரம்

குறட்டையைச் சுகநித்திரையின் அடையாளமாகக் கருதுவது நம்மவரிடையே நெடுங்காலமாக வேரூன்றிய அபிப்பிராயம். கும்பகர்ணனுடைய உறக்கத்தைக் கதையாகக் கேட்டு வளர்ந்த நாம், உரத்துக் குறட்டைவிடுபவர் கவலையற்றவர் என்றே எண்ணிப் பழகிவிட்டோம். ஆனால் அந்தச் சத்தம் இடையில் அறுந்து, 10 விநாடியோ அதற்கு மேலோ மூச்சு நின்று, பின்னர் பெருந்திணறலோடு மீளுமாயின், அது தொண்டைத் தசைகள் தளர்ந்து சுவாச வழியை அடைத்துவிட, இரத்தத்திற் பிராணவாயு குறைந்து, மூளை தன்னைக் காத்துக்கொள்ளும்பொருட்டு உறக்கத்தைக் கலைக்கின்ற ஒரு வியாதியாகும். மணித்தியாலத்துக்கு 5 தடவைக்கு மேல் இவ்வாறு மூச்சுத் தடைப்பட்டால் நோயின் தொடக்கமென்றும், 15ஐத் தாண்டினால் நடுத்தரமென்றும், 30ஐத் தாண்டினாற் கடுமையென்றும் வைத்தியர்கள் வகுத்திருக்கிறார்கள். நெல்லியடியில் வசிக்கும் நான் அந்த மூன்றாம் வகுப்பைச் சேர்ந்தவன். வைத்திய ஆலோசனையின்படி ரெஸ்மெட் நிறுவனத்தின் ஏர்சென்ஸ் 10 ஆட்டோசெற் என்னும் யந்திரத்தை மாரியிலும் கோடையிலும் பயன்படுத்திப் பெற்ற அநுபவத்தையே இங்கு எழுதுகிறேன்.

இந்நோய் தன்னை உடையவனுக்குத் தெரியாமலே இருப்பது. என்னைப் பரிசோதித்த வைத்தியர் என்னிடம் கேட்டவற்றிலும் என் மனைவியிடம் கேட்டவையே அதிகம். "ஐயா நித்திரையில மூச்சு விடாமல் நிக்கிறவரோ?" என்று அவர் கேட்க, "ஓம் டொக்டர், மூச்சு நிக்கேக்க நான்தான் தட்டி எழுப்பிறனான்" என்று அவள் சொன்ன விடைதான் நோயறிதலின் முதற்படியாயிற்று. காலையில் தலையிடி, வாய் உலர்தல், பத்திரிகை வாசிக்கும்போதே கண் செருகுதல் முதலியவற்றை நான் வயதின்மேற் போட்டிருந்தேன். இரவிற் பலமுறை சலங்கழிக்க எழுவதைச் சலரோகமென்று நினைத்து வைத்தியரிடம் போவோர் நம்மூரில் அநேகர். அடைபட்ட தொண்டைக்கு எதிராக நெஞ்சு மூச்சிழுக்க முயலும்போது இருதயத்தின் அறைகள் விரிந்து, சலத்தைப் பெருக்கும் ஒரு சுரப்பை வெளிவிடுவதால் அது நேர்கிறது என்பதை அவர்கள் அறிந்திருத்தல் நல்லது.

1980ஆம் ஆண்டுவரை இதற்கிருந்த உறுதியான சிகிச்சை, கழுத்திலே சுவாசக் குழாயைத் துளைத்து அதன் வழியே மூச்சுவிடச் செய்வதொன்றே. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் சிட்னி சர்வகலாசாலையைச் சேர்ந்த கொலின் சலிவன் என்னும் வைத்தியர், தூசியுறிஞ்சியின் மோட்டாரைக் கொண்டமைத்த ஓர் ஊதுகருவியால், மூக்கின் வழியே மெல்லிய அழுத்தத்துடன் இடையறாது காற்றைச் செலுத்தி, அக்காற்றே உள்ளிருந்து தொண்டையைத் தாங்கிநிற்கும்படி செய்தார். அடுத்த ஆண்டில் ஐந்து நோயாளர் பற்றிய அவருடைய கட்டுரை லான்செற் சஞ்சிகையில் வெளியாயிற்று. அந்தக் கண்டுபிடிப்பைச் சந்தைக்குக் கொண்டுவரும் நோக்கத்துடன் 1989இல் தொடங்கப்பட்டதே, நான் பாவிக்கும் யந்திரத்தைச் செய்யும் நிறுவனம். சிபாப் என்று வைத்தியசாலைகளில் வழங்குவது இவ்வகை யந்திரமே.

ஏர்சென்ஸ் 10 சுமார் ஒன்றேகால் கிலோ நிறையுள்ள, கட்டிலருகே ஒரு சிறு மேசையில் அடங்கக்கூடிய பெட்டி. 4 முதல் 20 சென்ரிமீற்றர் நீர் அழுத்தம்வரை, ஒவ்வொரு மூச்சையும் கவனித்து, வேண்டியபோது கூட்டியும் வேண்டாதபோது குறைத்தும் அது தானே நடந்துகொள்ளும். மூச்சை வெளிவிடும்போது எதிர்க்காற்றின் பாரம் தெரியாதபடி அழுத்தத்தைச் சற்றுத் தளர்த்தும் ஏற்பாடு இதிலுண்டு. புதிதாகப் பழகுவோருக்கு அந்த ஏற்பாடே பேருதவி. ஓசை சுமார் 27 டெசிபல் என்று சொல்லப்படுகிறது. மின்விசிறி சுழலும் அறையில் அது காதிற் படுவதேயில்லை. காலையிற் குமிழைத் திருப்பினால், எத்தனை மணித்தியாலம் பாவித்தோம், மணித்தியாலத்துக்கு எத்தனை தடவை மூச்சுத் தடைப்பட்டது, முகக்கவசம் சரியாகப் பொருந்தியிருந்ததா என்பவற்றைத் திரையிற் காட்டும். சோதனையில் 30ஐத் தாண்டியிருந்த என் எண்ணிக்கை இப்போது பெரும்பாலான இரவுகளில் 5க்குக் கீழேயே நிற்கிறது. விபரமெல்லாம் ஒரு சிறு நினைவட்டையிற் பதிவாகின்றமையால், அதை எடுத்துச்சென்று வைத்தியரிடம் கொடுக்கலாம்.

யந்திரத்தைவிடக் கடினமானது முகக்கவசம். மூக்கை மாத்திரம் மூடுவது, மூக்கையும் வாயையும் மூடுவது, நாசித் துவாரங்களில் மட்டும் பொருந்துவது என்று அது மூவகைப்படும். மீசை உள்ளவருக்கு விளிம்பிற் காற்றுக் கசியும், வாயைத் திறந்து உறங்குபவருக்கு மூக்குக் கவசம் பயன்தராது. யந்திரத்தைக் கைவிடுவோரிற் பலர் கவசத்தாலேயே கைவிடுகிறார்களாதலால், வாங்குமுன் பல அளவுகளை அணிந்துபார்க்கச் சம்மதிக்கும் விற்பனையாளரையே நாடவேண்டும்.

இனி, நம் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கே உரிய விஷயங்களுக்கு வருகிறேன். முதலாவது தண்ணீர். உலர்ந்த காற்று மூக்கைப் புண்படுத்தாதிருக்க, 380 மில்லிலீற்றர் நீர் கொள்ளும் ஒரு தொட்டியைச் சூடாக்கிக் காற்றை ஈரமாக்கும் வசதி இதிலுள்ளது. சுண்ணாம்புக் கற்பாறையின்மேல் வாழும் நமக்கு, கிணற்று நீரை அத்தொட்டியில் ஊற்றுவது தகாது. காய்ச்சி ஆறவைத்தாலுங் கிருமி சாகுமேயன்றி உப்பு நீங்காது, அடித்தட்டில் வெண்படை படியும். காய்ச்சி வடித்த நீரைப் பார்மசியிற் கேட்டு வாங்கவேண்டும். மோட்டார்க் கடையில் விற்கும் பற்றரித் தண்ணீர் சுவாசத்துக்கு உரியதன்று. நமது கோடையின் புழுக்கத்தில் ஈரமாக்கியை மிகக் குறைந்த நிலையில் வைப்பதே போதுமென்றும், மார்கழி வாடையில் அறை குளிரும்போது குழாய்க்குள் நீர்த்துளி திரண்டு முகத்தில் தெறிக்கும் ஆதலால் குழாயைப் போர்வைக்குள் வைத்துக்கொள்வது நன்றென்றும் அநுபவத்திற் கண்டேன். சோளகம் வீசும் மாதங்களில் வீதிப் புழுதி வடிகட்டியை விரைவிற் கறுக்கச்செய்யும். குறிப்பேட்டில் விதித்த காலத்துக்கு முன்பே அதை மாற்றவேண்டும்.

இரண்டாவது மின்சாரம். 1990இலிருந்து பல வருஷங்கள் மின்சாரமின்றி, ஜாம்போத்தல் விளக்கில் படித்தும், சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டும் வாழ்ந்த ஜனங்கள் நாம். அக்காலத்தில் இந்நோயுடன் இருந்தவர்களை நினைக்கும்போது என் மனம் வருந்துகிறது. 2022 மார்ச் முடிவில் நாடெங்கும் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம்வரை மின்தடை விதிக்கப்பட்டதையும் மறந்திருக்க மாட்டோம். ஏர்சென்ஸ் 10க்குள் மின்கலம் கிடையாது. 24 வோல்ற் நேர்மின்னோட்டத்தில் இயங்குவதாகையால், 12 வோல்ற் மின்கலத்திலிருந்து அதற்கேற்ற மாற்றியின் மூலம் ஓட்டலாம். ஈரமாக்கியை நிறுத்திவிட்டால் மின்கலம் நெடுநேரம் தாங்கும். நடுவிரவில் மின்சாரம் நின்றால் மூச்சு முட்டிப் போகுமோ என்று அஞ்சவேண்டியதில்லை. மூக்கையும் வாயையும் மூடும் கவசங்களில் வெளிக்காற்றை உள்ளே விடும் அடைப்பிதழ் அமைந்திருக்கிறது.

கனடாவிலும் லண்டனிலும் உள்ள உறவினர் பாவித்த யந்திரத்தை அனுப்பிவைக்கும் வழக்கம் வடமராட்சியில் வளர்ந்து வருகிறது. இந்த யந்திரத்தின் மின்வழங்கி 100 முதல் 240 வோல்ற்வரை ஏற்குமாதலால் செருகியை மாத்திரம் மாற்றினாற் போதும். எனினும் வேறொருவருக்கு வைத்த அழுத்தத்தில் அதை இயக்குவது தவறு. மேலும், பிலிப்ஸ் நிறுவனம் ஒலிதடுக்கும் நுரைப்பஞ்சு சிதைந்து காற்றோடு கலக்கக்கூடுமென்ற காரணத்தால், 2021 ஜூன் மாதத்திற் பல லட்சம் யந்திரங்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டது; அந்த வரிசையிற் சேர்ந்ததாவென்று தொடரிலக்கத்தைப் பார்த்தே எதையும் ஏற்கவேண்டும்.

இத்தனை சிரமம் எதற்கென்று கேட்பீர்களாயின், இந்நோயைக் கவனியாது விடுவதால் வரும் அபாயங்கள் சிறியவையல்ல. மருந்துக்கு அடங்காத இரத்த அழுத்தம், இருதயத்தின் சீரற்ற துடிப்பு, பாரிசவாதம், சலரோகம் ஆகியவற்றோடு இதற்குள்ள உறவு வைத்திய சாஸ்திரத்தில் நன்கு நிலைபெற்றது. வாகனமோட்டும்போது வரும் தூக்கமோ பிறர் உயிரையும் பலிகொள்ளும். தமிழ்ப் படத்துக்கும் இசையமைத்த பப்பி லஹிரி 2022 பெப்ரவரி 15ஆந் திகதி மும்பாயில் இறந்தபோது, மரணத்துக்கு இந்நோயையே வைத்தியசாலை காரணமாகக் கூறிற்று. இருந்தும் யந்திரத்தின்மீது அளவுக்கு மிஞ்சிய நம்பிக்கை வைப்பதும் நியாயமாகாது. ஏற்கெனவே இருதயநோயோ பாரிசவாதமோ உற்ற 2,717 பேரை ஆராய்ந்து 2016இல் வெளியான பெரிய ஆய்வொன்றில், மாரடைப்பையும் பாரிசவாதத்தையும் இது குறைத்ததாகக் காணப்படவில்லை. பகல் தூக்கமும் மனச்சோர்வும் குறைந்தன. ஆனால் அவர்கள் இரவொன்றுக்குச் சராசரியாக 3.3 மணித்தியாலமே யந்திரத்தை அணிந்திருந்தார்கள் என்பதையும் சேர்த்தே அந்த முடிவை வாசிக்கவேண்டும். நித்திரை முழுவதும் அணியாதவன், அணியாத மணித்தியாலங்களில் நோயாளியாகவே கிடக்கிறான்.

நோய் சோதனையால் உறுதிப்பட்டவருக்கு இந்த யந்திரத்தை நான் மனமாரச் சிபாரிசு செய்கிறேன். சோதனை செய்யாமல் குறட்டைக்காக மாத்திரம் வாங்குபவருக்குச் செய்யமாட்டேன். வேறெதற்காவது சத்திரசிகிச்சைக்குப் போகும்போது, மயக்க மருந்து கொடுக்கும் வைத்தியரிடம் இந்நோய் இருப்பதை மறவாமற் சொல்லி, யந்திரத்தையுங் கூடவே கொண்டுசெல்லுங்கள். வாங்கப் போகிறவர்கள், யந்திரத்தின் விலையோடு ஒரு நல்ல மின்கலத்துக்கும் இரண்டாவது முகக்கவசத்துக்கும் ஆன தொகையைச் சேர்த்துக்கொண்டே கடைக்குப் போங்கள்.