தஸ்வீரும் நிழற்படமும்

ஓசூரினின்று இராயக்கோட்டை செல்லும் வழியில் சானமாவுக் காடு உள்ளது. அவ்வழி சென்று சேரும் இராயக்கோட்டைக் குன்றரண் 1791 வரை மைசூர் திப்பு சுல்தானின் ஆட்சியில் இருந்தது. சென்னை அரசின் ஒளிப்படக்காரராய் அமர்ந்த கேப்டன் லின்னேயஸ் டிரைப், அதனையும் சேலம் மாவட்டத்துப் பிற இடங்களையும் படம்பிடித்து 1858இல் தனித் தொகுதியாக்கினார். கோட்டை வீழ்ந்தவரது; கருவி வென்றவரது. இதனையே தொடக்கமாகக் கொள்வோர், இசுலாமியச் சமுதாயங்கள் ஒளிப்படக் கருவியின்முன் நின்றனவேயன்றி அதனைக் கையாண்டில என்பர்; உருவம் வரைதலை நபிமொழி விலக்கியதே காரணம் என்றும் கூறுவர். இக்கூற்றை யாம் உடன்படுதற்கில்லை.

விலக்கு உண்மையே. நபிமொழி கடிந்துரைப்பது உருவமைப்போனாகிய 'முஸவ்விர்' என்பவனை. அல்முஸவ்விர் என்பது இறைவன் திருப்பெயர்களுள் ஒன்று. ஆதலின் அத்தொழில் அவனுக்கே உரியது எனக் கொண்டனர். ஆயினும் ஐதராபாத்தின் ஆறாம் நிசாம் மகபூப் அலிகான், தம் அவை ஒளிப்படக் கலைஞர் லாலா தீனதயாளுக்கு 1894இல் அளித்த பட்டம் யாது? 'முஸவ்விர் ஜங்' என்பதே! கடியப்பட்ட சொல் முஸ்லிம் அரசரது அவையில் விருதாயிற்று. தீனதயாள் சமணரன்றோ எனத் தடை எழுப்புவோர், லக்னோவின் தரோகா அப்பாஸ் அலி 1874இல் வெளியிட்ட படத்தொகுதியை நோக்குக. அதற்கும் முன்னர், 1861இல், எகிப்தியப் படைப் பொறியாளர் முகம்மது சாதிக் மதீனாவையே படம்பிடித்தார்.

தடையைக் கடந்த வழியைச் சொற்களே காட்டுகின்றன. பாரசீகம் ஒளிப்படத்தை 'அக்ஸ்' என்றது. ஆடியில் தோன்றும் எதிருரு என்பது பொருள். ஒளிப்படம் உருவைப் படைப்பதன்று, நிழலைப் பிடித்து நிறுத்துவதே என எகிப்தின் முப்தியாக இருந்த முகம்மது பகீத் அல்முதீயி வாதித்தார். இந்திய உலமாக்களுள் பலர் இதனை ஏற்றிலர். ஆடியிலும் நீரிலும் தோன்றும் உருவை நிழல் என்னும் பண்டைத் தமிழ் வழக்கும், அதன்வழி நிழற்படம் என்னும் பெயரும் ஈண்டு நினைக்கத்தக்கன. கடன் எனக் கருதற்க. ஓசூர்ப் பகுதியில் தமிழ், தெலுங்கு, கன்னடத்தோடு வழங்கும் உருதுவோ இரண்டையும் வைத்துக்கொண்டது: கலை 'அக்காஸி', கையிலுள்ள படம் 'தஸ்வீர்', அஃதாவது அமைக்கப்பட்ட உரு.

நிழல் வாதம் அனுமதி பெற்றுத் தந்தது. கலைஞனின் கைத்திறனை மறைத்தது. நம் நிழற்படம் என்னும் சொல்லுக்கும் அக்குறை உண்டு. நிசாமின் பட்டமே உண்மைக்கு அணித்து என்பது நம் துணிபு. டிரைப்பும் தம் எதிர்மறைப் படிகளில் வண்ணந்தீட்டி முகில் சேர்த்தவர். அவரையும் முஸவ்விர் என்றே கூறுதல் வேண்டும்.