காலிக்குடமும் தீர்மானப் புத்தகமும்

குந்தாரப்பள்ளி கூட்டுரோட்டில் வேப்பனப்பள்ளி பஸ்ஸை நிறுத்தப் பத்துக் காலிக்குடம் போதும். கூப்பிடு தூரத்தில் பெங்களூர் நெடுஞ்சாலையில் லாரிகள் பறக்கின்றன. அதை யாரும் தொடுவதில்லை. நெடுஞ்சாலையை மறித்தால் பத்து நிமிடத்தில் போலீஸ், மறுநாள் வழக்கு. டவுன் பஸ்ஸை மறித்தால் பி.டி.ஓ. ஆபீஸிலிருந்து ஒருவர் வருவார், "ரெண்டு நாள்ல மோட்டார் ரெடியாயிடும்மா" என்பார், குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்துவிடலாம். எந்த ரோடு, எத்தனை நேரம், யார் முன்வரிசை, கைக்குழந்தைக்காரி எந்தப் பக்கம் என்பதெல்லாம் யாரும் சொல்லிக்கொடுக்காமலே தெரிந்திருக்கிறது. வெள்ளிக்கிழமையில் மட்டும் இந்தப் பெண்கள் மறியல் வைக்கமாட்டார்கள். அன்று ஆட்டுச்சந்தை, விற்க வேண்டிய ஆடு அவர்களுக்கும் இருக்கும்.

இதை அரசியல் என்று அவர்கள் சொல்வதில்லை. "கேக்கப் போறோம்" என்பார்கள். தண்ணீர் கேட்பதும் அதுதான், அதிகாரியைக் கேள்வி கேட்பதும் அதுதான். அரசியல் என்றால் கொடி, வேட்டி, கார். அது வீட்டு ஆம்பளைகளின் சமாச்சாரம். கிருஷ்ணகிரி, சூளகிரி, ஓசூர் வட்டாரத்தில் பெண்கள் செய்துவரும் இந்தக் "கேட்பு" அரசியலைக் கட்சிக்காரர்கள் கேலியாகவும் தொண்டு நிறுவனங்கள் புல்லரிப்போடும் பேசுவது வழக்கம். இரண்டுமே அதற்குச் செய்யும் நியாயம் இல்லை.

முதலில் அதன் வலு. தலைவர் இல்லாத கூட்டத்தை விலைக்கு வாங்க முடியாது. அண்ணே என்று தோளில் கைபோட்டுத் தனியாக அழைத்துப்போய்ப் பேசி முடிக்க ஆள் கிடைக்காதபோது, அதிகாரி எல்லோர் காதிலும் விழும்படி வாக்குக் கொடுத்தே ஆகவேண்டும். வேகமும் உண்டு. காலை ஏழு மணிக்குக் குழாயடியில் புலம்பல், எட்டரைக்கு ரோட்டில் குடம். இந்த வேகத்தில் எந்தக் கட்சியின் கிளைக் கூட்டமும் ஒரு முடிவு எடுத்ததில்லை.

திங்கட்கிழமை கிருஷ்ணகிரி கலெக்டர் ஆபீஸில் நடக்கும் மக்கள் குறைதீர் நாளும் இதன் இன்னொரு முகம். வாசலில் மண்ணெண்ணெய் பாட்டில் இருக்கிறதா என்று போலீஸ் பையைத் துழாவும். அதைத் தாண்டி வரிசையில் நின்றால் மனுவுக்கு ஒரு நம்பர் கிடைக்கும். இந்த எல்லைப் பக்கத்தில் பல வீடுகளில் பேச்சு தெலுங்கு, இல்லை கன்னடம். தண்ணீர் வராததைத் தெலுங்கில் கொட்டித் தீர்க்கும் அம்மாவுக்கு, மனு எழுதித் தருபவர் "மிகவும் பணிவுடன் சமர்ப்பிக்கும் விண்ணப்பம் யாதெனில்" என்று தொடங்குவார். கோபம் பணிவாகும் இடம் அந்த முதல் வரிதான். ஆனாலும் அந்த நம்பர் சாதாரணப் பொருளில்லை. கணவன் பெயர் இல்லாமல், தன் கையெழுத்தோடு, அரசாங்கத்தின் பதிவேட்டில் ஏறிய ஒரு கேள்வி அது. அடுத்த மாதம் "எங்க மனு என்னாச்சு சார்" என்று அதே மேசைக்குப் போகிற துணிவு அதிலிருந்துதான் வருகிறது.

குறை எங்கே தொடங்குகிறது என்றால், வெற்றியை மீட்டரில் அளக்கும்போது. சாராயக்கடைப் போராட்டங்களைப் பார்த்தால் இது பளிச்சென்று தெரியும். நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2017 ஏப்ரலில் தமிழ்நாட்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட டாஸ்மாக் கடைகள் மூடப்பட்டன. மூடிய கடைக்கு மாற்றிடம் தேடி அதிகாரிகள் ஊருக்குள் வந்தார்கள். மாநிலம் முழுக்கப் பெண்கள் துடைப்பத்தோடும் குடத்தோடும் உட்கார்ந்தார்கள். திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் ஏப்ரல் 11ஆம் தேதி ஒரு போலீஸ் அதிகாரி ஒரு பெண்ணைக் கன்னத்தில் அறைந்ததை நாடே டிவியில் பார்த்தது. பல ஊர்களில் கடை நின்றது உண்மை. நின்ற கடை எங்கே போனது? பக்கத்து ஊர் எல்லைக்கு. அங்கே இன்னொரு பெண்கள் கூட்டம், இன்னொரு மறியல். ஒரு தெருவின் வெற்றியை அடுத்த ஊர் தலையில் இறக்கிவைக்கிற போராட்டமாக அது ஆகிப்போனது. 2016, 2017, 2023 என்று மூன்று முறை ஐந்நூறு ஐந்நூறாகக் கடைகளை அரசு மூடியது. எந்த ஐந்நூறு, ஏன் ஐந்நூறு என்று முடிவு செய்த மேசையில் மறித்த பெண்களுக்கு நாற்காலி கிடையாது.

இந்த மண்ணுக்கு மதுவிலக்கில் ஒரு பழைய சம்பந்தம் உண்டு. ஓசூருக்குப் பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி, சென்னை மாகாணப் பிரதமராக இருந்தபோது, 1937 அக்டோபர் 1ஆம் தேதி மதுவிலக்கைச் சேலம் மாவட்டத்தில் தொடங்கினார். கிருஷ்ணகிரியும் ஓசூரும் அன்று சேலம் மாவட்டம்தான். நம் பாட்டிமார்களுக்கு அது மறியல் செய்யாமலே கிடைத்தது. அதைவிட முக்கியம் அடுத்து நடந்தது: கலால் வருமானம் போன ஓட்டையை அடைக்க 1939இல் விற்பனை வரியைக் கொண்டுவந்தார் ராஜாஜி. மதுவை நிறுத்துவது என்பது கஜானாக் கணக்கு என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நம் மனுக்களில் இல்லாத பத்தி அதுதான். 2024-25இல் டாஸ்மாக் வழியாக அரசுக்கு வந்தது சுமார் ரூ.48,344 கோடி. மகளிர் உரிமைத்தொகைக்கு 2025-26 நிதிநிலை அறிக்கையில் ஒதுக்கியது ரூ.13,807 கோடி. இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பேசும் ஒரு மனுவை நான் இன்னும் பார்க்கவில்லை. "பள்ளிக்கூடம் பக்கத்தில் இருக்கிறது, கோயில் பக்கத்தில் இருக்கிறது" என்றுதான் எழுதுகிறோம். பக்கத்தில் இல்லாவிட்டால் பரவாயில்லை என்றா அர்த்தம்?

எல்லை வேறு இருக்கிறது. 2020 ஊரடங்கில் கர்நாடகமும் ஆந்திரமும் மே 4ஆம் தேதி மதுக்கடைகளைத் திறந்தன. எல்லை மாவட்டத்துக்காரர்கள் அங்கே படையெடுக்கிறார்கள் என்பதைக் காரணமாகச் சொல்லித்தான் தமிழ்நாடு மே 7ஆம் தேதி தன் கடைகளைத் திறந்தது. எல்லைக்கு அப்பால் அத்திப்பள்ளியில் கடை திறந்திருக்கும் வரை, ஓசூர் பக்கத்துப் பெண் எத்தனை நாள் உட்கார்ந்தாலும் பதில் தயாராக இருக்கும்.

அதே எல்லைக்கு அப்பால் ஆந்திரத்தில் ஒருமுறை வேறு மாதிரி நடந்தது. 1992இல் நெல்லூர் மாவட்டம் துபகுண்டா கிராமத்துப் பெண்கள், அறிவொளி வகுப்புகளில் கூடிய பெண்கள், சாராயத்துக்கு எதிராகக் கிளம்பினார்கள். அவர்கள் கடையோடு நிற்கவில்லை, சாராய ஏலத்தில் கைவைத்தார்கள். ஏலம் நின்றால் வருமானம் நிற்கும். 1993 அக்டோபரில் சாராயம் தடை, 1995 ஜனவரியில் முழு மதுவிலக்கு. 1997இல் அதுவும் தளர்ந்தது. கஜானா மறுபடி வென்றது. நம் பெண்களுக்குத் தைரியம் குறைவு என்று இதைப் படிக்கக் கூடாது. ஏலமும் ஒப்பந்தக்காரனும் இருந்த இடத்தில் இங்கே 2003 முதல் அரசு நிறுவனமே சில்லறைக் கடை நடத்துகிறது. பிடித்து உலுக்க நடுவில் ஆள் இல்லை. கடை எதிரே உட்காரும் பெண் நேரே அரசின் எதிரேதான் உட்காருகிறாள், கையில் ஒரு குடத்தோடு.

மாநிலம் வரை போக அவளுக்கு ஒரு வண்டி வேண்டும். அந்த வண்டி இல்லாமல் இல்லை என்பதுதான் இந்தக் கதையின் விசித்திரம். இங்கேதான் கட்டினார்கள். 1989இல், ஐஃபாட் எனப்படும் ஐ.நா. வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் முதன்முதலில் மகளிர் சுயஉதவிக் குழுக்களைத் தொடங்கியது ஒருங்கிணைந்த தருமபுரி மாவட்டத்தில். கிருஷ்ணகிரி அதிலிருந்து பிரிந்தது 2004இல். இங்கே தேறியதைத்தான் பிறகு மகளிர் திட்டம் என்று மாநிலமெங்கும் கொண்டுபோனார்கள். மாதத் தவணை, ஊக்குநர், பிரதிநிதி, கையெழுத்துப் போடக் கற்றது, பேங்க் மேனேஜர் எதிரே உட்காரக் கற்றது, எல்லாவற்றையும் எழுதிவைக்கும் தீர்மானப் புத்தகம். குழுவுக்கு மேல் ஊராட்சிக் கூட்டமைப்பு, அதற்கு மேல் வட்டாரம், மாவட்டம். எந்தக் கட்சிக்கும் இப்படித் தெருவிலிருந்து மாவட்டத் தலைநகர் வரை பெண்களால் ஆன ஏணி கிடையாது.

ஏணி அரசின் சுவரில் சாய்ந்திருக்கிறது என்பதே சிக்கல். சுழல்நிதி அரசிடமிருந்து வருகிறது, கடன் இணைப்பு வங்கியிலிருந்து வருகிறது, தரம் பார்த்து மதிப்பெண் போடுபவர் திட்ட அலுவலகத்துக்காரர். அமைச்சர் விழாவுக்கு வேன் வந்தால் ஒரே நிறச் சேலையில் ஏற வேண்டும். கிராம சபையில் ஆள் குறைந்தால் குழுப் பெண்களுக்குத்தான் போன். கூட்டம் காட்டப் பயன்படும் கூட்டமைப்பு கூடிக் கேட்கப் பயன்படுவதில்லை. மறியலுக்கு வரும் பெண்களும் குழுவில் இருக்கும் பெண்களும் பெரும்பாலும் ஒரே பெண்கள். ஆனால் குழுவாக வருவதில்லை, தெருவாக வருகிறார்கள். தெரு என்றால் சாதி என்று நம்மூரில் விளக்க வேண்டியதில்லை. சாராயக்கடை என்றால் ஊரும் காலனியும் ஒன்றாக உட்காருகிறது. தண்ணீர் என்றால் குடங்கள் தெருவாரியாகப் பிரிந்துவிடுகின்றன. மேல்தெருவுக்கு மோட்டார் ஓடியதும் மேல்தெருக் குடங்கள் எழுந்து போய்விடும்.

இதற்கு மாறாக நடந்தவையும் உண்டு. அரூர் பக்கத்து வாச்சாத்தியில் 1992 ஜூன் 20ஆம் தேதி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறைக்காரர்கள் செய்த கொடுமைக்கு, 18 பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளானதற்கு, 2011இல்தான் தீர்ப்பு வந்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடு இருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்றது தருமபுரி நீதிமன்றம். 2023இல் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 31 வருடம். அந்தப் பெண்களின் வாக்குமூலம் கலையாமல் இருந்ததற்கு அவர்களுடைய நெஞ்சுரம் முதல் காரணம். பழங்குடி மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் வழக்கைக் கீழே வைக்காமல் சுமந்தது அடுத்த காரணம். நுண்கடன் வசூல்காரர்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து அவமானப்படுத்துவதற்கு எதிராக 2025இல் சட்டமன்றம் சட்டம் இயற்றியதற்குப் பின்னாலும் மாதர் சங்கம் போன்ற அமைப்புகளின் ஆண்டுக்கணக்கான பேச்சு இருக்கிறது. இந்த இரண்டிலும் ஊர்ப் பெண்ணின் கேள்வியை அரசுக்குக் கட்டுப்படாத ஒருவர் சென்னை வரை தூக்கிப் போயிருக்கிறார்.

இன்னொரு வழி தொழிற்சாலை வழி. 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து ஃபாக்ஸ்கான் விடுதியில் கெட்ட சாப்பாட்டால் பெண்கள் மருத்துவமனைக்குப் போனபோது, கூட வேலை செய்தவர்கள் சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையை மறித்தார்கள். குந்தாரப்பள்ளிப் பெண்கள் தொட அஞ்சும் அதே சாலையின் கிழக்குப் பக்கம். ஐபோன் உற்பத்தி நின்றது, செய்தி உலகம் சுற்றியது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் விடுதியை முதல்வர் திறந்துவைத்தார். ஒரு மறியலில் விளைந்த விடுதி என்று முடிச்சுப் போட மாட்டேன், கட்டடத்துக்கு வேறு கணக்குகளும் உண்டு. ஆனால் எந்த இடத்தில் உட்கார்ந்தால் வலிக்கும் என்பது அன்று தெரிந்தது. ஓசூரைச் சுற்றி இப்போது ஆயிரக்கணக்கில் இளம்பெண்கள் கம்பெனி பஸ்ஸில் போய்வருகிறார்கள். பலருக்கு இங்கே ஓட்டு இல்லை, குழு இல்லை, குடம் வைக்கக் குழாயடியும் இல்லை. ஊர்ப் பெண்களும் அவர்களும் பேசிக்கொள்ள இன்னும் ஒரு திண்ணை அமையவில்லை.

உள்ளாட்சி அந்தத் திண்ணையாக ஆகியிருக்கலாம். உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்ற சட்டம் 2016இல் வந்தது. 2019 டிசம்பரில் தேர்தல் நடந்து பாதி நாற்காலிகளில் பெண்கள் உட்கார்ந்தார்கள். சில நாற்காலியில் "பிரசிடென்ட் வீட்டுக்காரர்" உட்கார்ந்தார், அந்தக் கேலி எல்லோருக்கும் தெரிந்ததே. ஆனால் ஐந்து வருடத்தில் கையெழுத்தோடு நிற்காமல் கோப்பைப் படிக்கத் தொடங்கியவர்களையும் பார்த்திருக்கிறேன். சரியாக அந்த நேரத்தில், 2025 ஜனவரி 5ஆம் தேதி பதவிக்காலம் முடிந்து அரசு அமர்த்திய தனி அலுவலர்கள் வந்தார்கள். மனுவை வாங்குபவரும் அவரே, கிராம சபையை நடத்துபவரும் அவரே.

ஒரு குழுக் கூட்டத்தில் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். சேமிப்பு வசூல் முடிந்து, தவணை முடிந்து, டீ வந்தது. கடைசி வரிசை அக்கா, "கடை விஷயத்தையும் இதுலயே எழுதிடலாம்ல, எல்லாரும்தான் இருக்கோம்" என்றார். ஊக்குநர் தீர்மானப் புத்தகத்தைப் பாதி மூடினார். "இது ஆடிட்டுக்குப் போற நோட்டுக்கா. இதுல வேணாம்." யாரும் எதுவும் சொல்லவில்லை. அந்த அக்கா மகளின் கணக்கு நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து வாங்கினார். கட்டம் போட்ட தாள். அதில் மனு எழுதி, பதினொரு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். பிறகு ஊக்குநர் புத்தகத்தைத் திறந்து எழுதி முடித்ததை எட்டிப் பார்த்தேன்: வருகை 11. சேமிப்பு வசூலிக்கப்பட்டது. கடன் தவணை நிலுவை இல்லை. நன்றியுரையுடன் கூட்டம் இனிதே முடிந்தது.