பெயரை ஒட்டி வருவது எது? ஆங்கில இலக்கண மரபுகள் சொன்ன விடைகள்

ஆங்கிலத் தேர்வில் நம் மாணவர்கள் தடுமாறும் இடங்களில் பிரிபொசிஷனுக்கு என்றும் முன்வரிசைதான். அதிலும் பெயர்ச்சொல்லை ஒட்டி வரும் பிரிபொசிஷன் அவர்களைப் படுத்தும் பாடு கொஞ்சமில்லை. 'ரீசன்' என்றால் 'ஃபார்', 'காஸ்' என்றால் 'ஆஃப்', 'சொல்யூஷன்' என்றால் 'டு', 'இன்கிரீஸ்' என்றால் 'இன்'. ஏன் என்று கேட்கும் பிள்ளைக்கு, "அது அப்படித்தான், மனப்பாடம் செய்" என்பதே பெரும்பாலும் கிடைக்கும் பதில். அந்தப் பதிலும் ஒரு மரபின் குரல்தான். ஆனால் அதற்குப் பிறகு வந்த மரபுகள் பல. அவை வகுப்பறையை எட்டாததால் பிள்ளைகளின் சுமை குறையாமலே இருக்கிறது.

தமிழருக்கு இந்தச் சிக்கல் இரட்டிப்பாவதற்கு வாக்கிய அமைப்பே காரணம். தமிழில் பெயரை விளக்குவதெல்லாம் பெயருக்கு முன்னால் நிற்கும். 'மேசைமேல் புத்தகம்' என்றால் அது பாதி வாக்கியமாகத்தான் காதில் விழுகிறது. 'மேசைமேல் உள்ள புத்தகம்' என்று ஒரு எச்சம் நடுவே வந்த பிறகே பெயர்த்தொடர் முழுமை பெறுகிறது. 'அதற்கான', 'அதைப் பற்றிய', 'அதன் மீதான' என்ற வடிவங்கள் செய்வதும் இதே வேலைதான். ஆங்கிலத்தில் பெயர் முதலில் வந்துவிடும். வினையின் உதவியே இல்லாமல் பிரிபொசிஷன் தொடர் பின்னால் வந்து ஒட்டிக்கொள்ளும். பழைய ஆங்கிலத்தில் வேற்றுமை விகுதிகள் செய்துவந்த வேலையில் பெரும்பகுதியை, அவை தேய்ந்த பின், பிரிபொசிஷன்களும் சொல்வரிசையும் ஏற்றுக்கொண்டன.

தீர்ப்புச் சொன்னவர்கள்

1762-இல் ராபர்ட் லௌத் எழுதிய இலக்கண நூல் பதினெட்டாம் நூற்றாண்டு மரபின் முகம். பெரிய எழுத்தாளர்களின் வாக்கியங்களையே எடுத்துவைத்து, இங்கே பிரிபொசிஷன் பொருந்தவில்லை என்று திருத்தியவர் அவர். 1795-இல் லிண்ட்லி மரே எழுதிய நூல் லௌத்திடமிருந்து நிறைய எடுத்துக்கொண்டு இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பள்ளிதோறும் பரவியது. இந்த மரபின் அளவுகோல் புலவரின் தீர்ப்பு. மக்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்பது அவ்வளவாகக் கணக்கில் வரவில்லை.

இந்தியாவுக்கு அந்த மரபு பாடநூலாக வந்து சேர்ந்தது. கல்வித் துறை அதிகாரியாக இங்கே பணியாற்றிய நெஸ்ஃபீல்டின் நூல்களும், பிறகு ரென் அண்ட் மார்ட்டினும் பல தலைமுறைகளுக்கு இலக்கணமாக விளங்கின. ரென் அண்ட் மார்ட்டினில் 'ஃபார்' ஏற்கும் பெயர்கள், 'டு' ஏற்கும் பெயர்கள், 'வித்' ஏற்கும் பெயர்கள் என்று தனித்தனிப் பட்டியல்கள் உண்டு. 'அஃபெக்ஷன்', 'ஆம்பிஷன்', 'ஆங்ஸைட்டி' என அகரவரிசையில் செல்லும் அந்தப் பட்டியலை ஒப்பித்தே வளர்ந்தவர்கள் நம்மில் பலர். பட்டியல் சரியானதுதான். ஆனால் அகரவரிசை என்பது தேடுவதற்கு உதவும் ஒழுங்கு; நினைவில் நிறுத்த உதவும் ஒழுங்கு வேறு.

டோக்கியோவில் பிறந்த அகராதி மரபு

அடுத்த திருப்பம் லண்டனில் நிகழவில்லை, ஜப்பானில் நிகழ்ந்தது. 1923-இல் டோக்கியோவில் ஆங்கிலக் கற்பித்தலுக்கென ஓர் ஆய்வு நிறுவனத்தை ஹெரால்ட் பால்மர் நடத்தத் தொடங்கினார். ஒன்றோடொன்று சேர்ந்தே வரும் சொற்களைத் திரட்டி 1933-இல் ஓர் அறிக்கை வெளியிட்டார். அவரோடு பணியாற்றிய ஏ. எஸ். ஹார்ன்பி தம் சகாக்களுடன் தொகுத்த அகராதி 1942-இல் டோக்கியோவிலேயே வெளிவந்தது. அதை 1948-இல் ஆக்ஸ்ஃபோர்டு மறுவெளியீடு செய்தது. இன்று மாணவர் கையில் இருக்கும் ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் அகராதியின் மூலம் அதுதான்.

ஒரு சொல்லுக்குப் பொருள் சொன்னால் மட்டும் போதாது, அது எந்த அமைப்பில் வரும் என்பதையும் சொல்ல வேண்டும் என்பது இவர்கள் வகுத்த அளவுகோல். ஆனால் ஹார்ன்பியின் கவனம் வினைமீதே குவிந்திருந்தது. வினைக்கு 25 அமைப்புகளை வகுத்த அவர், பெயருக்கு ஒருசிலவற்றோடு நிறுத்திக்கொண்டார்.

பெயருக்கு உரிய இடம் 1986-இல் கிடைத்தது. மார்ட்டன் பென்சன், ஈவ்லின் பென்சன், ராபர்ட் இல்சன் மூவரும் தொகுத்த பிபிஐ அகராதி, இலக்கணச் சேர்க்கைகளை எட்டு வகையாகப் பிரித்தது. அவற்றில் முதல் வகையே பெயரும் பிரிபொசிஷனும் சேர்வதுதான். 'ஆஃப்' சேரும் பெயர்களைப் பொதுவாகப் பட்டியலில் சேர்க்க வேண்டாம் என்றும் அதன் ஆசிரியர்கள் முடிவு செய்தார்கள். ஆங்கிலப் பெயர்களில் மிகப் பெரும்பாலானவை 'ஆஃப்' ஏற்பவை. ஊகித்துவிடக்கூடியதை அகராதி சொல்லத் தேவையில்லை. ஊகிக்க முடியாததை விட்டுவிடவும் கூடாது. ஆசிரியர்களுக்கும் இதைவிடச் சிக்கனமான விதி கிடைக்காது.

பர்மிங்ஹாம் காட்டிய பொருள் ஒழுங்கு

பர்மிங்ஹாமில் ஜான் சின்க்ளேர் தலைமையில் உருவாகி 1987-இல் வெளிவந்த கோபில்ட் அகராதி, பத்திரிகைகள், நூல்கள், உரையாடல்கள் ஆகியவற்றைக் கணினியில் ஏற்றித் திரட்டிய சான்றுகளிலிருந்து எழுதப்பட்டது. அதே குழுவின் இலக்கண வரிசையில் பெயர்ச்சொல்லுக்கும் பெயரடைக்கும் உரிய நூல் 1998-இல் வந்தது. ஒரே பிரிபொசிஷனை ஏற்கும் பெயர்கள் பொருளிலும் கூட்டம் கூட்டமாகச் சேர்கின்றன என்பது அது நிறுவிய உண்மை.

ஆசையைக் குறிக்கும் பெயர்களைப் பாருங்கள்: 'டிசையர்', 'ஹங்கர்', 'ஆப்பிடைட்', 'கிரேவிங்'. எல்லாமே 'ஃபார்' ஏற்கின்றன. தடையையும் கட்டுப்பாட்டையும் குறிக்கும் 'பேன்', 'லிமிட்', 'ரெஸ்ட்ரிக்ஷன்', 'டாக்ஸ்' எல்லாம் 'ஆன்' ஏற்கின்றன. ஏற்ற இறக்கம் சொல்லும் 'இன்கிரீஸ்', 'ரைஸ்', 'ஃபால்', 'டிராப்' ஆகியவை எது மாறியது என்பதை 'இன்' கொண்டும், எவ்வளவு மாறியது என்பதை 'ஆஃப்' கொண்டும் சொல்கின்றன. ரென் அண்ட் மார்ட்டின் பட்டியலையே இப்படிப் பொருள்வழி அடுக்கிக் கொடுத்தால் மனப்பாடச் சுமை வெகுவாகக் குறையும்.

ஒரே பெயர் பிரிபொசிஷனுக்கு ஏற்பப் பொருள் மாறுவதும் இந்தப் பார்வையில் தெளிவாகிறது. 'மெமரி ஆஃப்' என்றால் ஒன்றைப் பற்றிய நினைவு. 'மெமரி ஃபார்' என்றால் பெயர்களையோ முகங்களையோ நினைவில் வைக்கும் ஆற்றல். 'டேஸ்ட் ஆஃப்' சுவை. 'டேஸ்ட் ஃபார்' நாட்டம். 'இன்ட்ரஸ்ட் இன்' ஆர்வம். 'இன்ட்ரஸ்ட் ஆன்' வங்கி வட்டி.

கோட்பாட்டாளரின் கோணம்

1970-இல் நோம் சாம்ஸ்கி எழுதிய கட்டுரைக்குப் பிறகு, பெயர்த்தொடரின் உள்கட்டமைப்பு கோட்பாட்டாளர்களின் களமானது. பெயர் தானே வேண்டி நிற்கும் தொடரும், கூடுதல் தகவலாக வந்து சேரும் தொடரும் வேறு என்பது அவர்கள் வற்புறுத்திய வேறுபாடு. 'எ ஸ்டூடன்ட் ஆஃப் பிசிக்ஸ் வித் லாங் ஹேர்' என்று சொல்லலாம்; இரு தொடர்களையும் இடம் மாற்றினால் காது ஏற்காது. பாடம் பெயரை ஒட்டி நிற்க வேண்டும், கூந்தல் தள்ளி நிற்கலாம். பெயர் வேண்டும் தொடரில் பிரிபொசிஷனைப் பெயரே தீர்மானிக்கிறது. கூடுதல் தொடரிலோ இடம், காலம், உடைமை என்ற பொருளுக்கு ஏற்பப் பேசுபவரே அதைத் தேர்ந்துகொள்கிறார். மனப்பாடம் தேவைப்படுவது முதல் வகைக்கு மட்டுமே.

நம் ஆங்கிலமும் அளவுகோலும்

இந்தியர் ஆங்கிலத்தில் பிழை என்று அடிக்கடி சுட்டப்படுபவை மூன்று: 'டிஸ்கஸ் அபௌட்', 'எம்ஃபசைஸ் ஆன்', வினையாக வரும் 'ரிக்வெஸ்ட் ஃபார்'. மூன்றையும் பெயராக மாற்றிப் பாருங்கள்: 'டிஸ்கஷன் அபௌட்', 'எம்ஃபசிஸ் ஆன்', 'எ ரிக்வெஸ்ட் ஃபார்'. மூன்றும் பழுதில்லாத ஆங்கிலம். பெயருக்கு உரிய பிரிபொசிஷன் அதன் வினைக்கும் தாவியிருக்கிறது, அவ்வளவுதான். பெயர் தன் செயப்படுபொருளை நேரடியாக ஏற்காது, வினை ஏற்கும் என்ற ஒரு விதியைச் சொல்லிக்கொடுத்தால் மூன்று பிழைகளும் சேர்ந்தே விலகும்.

இவை பிழைகள்தாமா என்ற வழக்கும் உண்டு. 1990, 1991 ஆண்டுகளில் 'இங்கிலிஷ் டுடே' இதழில் மொழியியலாளர்கள் ராண்டால்ஃப் குவிர்க், பிரஜ் கச்ரு இருவருக்கும் இடையே நடந்த விவாதம் புகழ்பெற்றது. கற்பிப்பதற்குப் பொதுத் தரம் வேண்டும் என்றார் குவிர்க். இந்தியா போன்ற நாடுகளின் ஆங்கிலத்துக்கு அதற்கே உரிய தரம் உண்டு என்றார் கச்ரு. வெளிநாட்டு வாசகருக்கு எழுதும்போது குவிர்க்கின் அளவுகோல் பயன்படும். நமக்குள் பேசும்போது கச்ருவின் சொல்லே நடைமுறை. எந்த இடத்தில் எது என்பதைத் தேர்வுக்கு முன்பே மாணவருக்குச் சொல்லிவிடுவது ஆசிரியரின் நேர்மை.

இத்தனை மரபுகளிலிருந்தும் வகுப்பறைக்கு எடுத்துச்செல்லத் தக்கவை மூன்று. 'ஆஃப்' சேரும் பெயர்களுக்காக நேரத்தைச் செலவிட வேண்டாம். மற்றவற்றைப் பொருள்வழிக் கூட்டங்களாகக் கற்பிக்கலாம். ஒரு பெயரைச் சொல்லும்போதே அதன் வினையையும் அருகில் எழுதி, எதற்குப் பிரிபொசிஷன் உண்டு, எதற்கு இல்லை என்று காட்டிவிடலாம். கோடிட்ட இடம் தேர்வில் இருந்துவிட்டுப் போகட்டும்; அதை நிரப்பும் மாணவருக்குக் காரணமும் தெரிந்திருக்க வேண்டும்.