காலண்டர் படமும் கிழிபடும் தாளும்

‘காலண்டர் படம்’ என்பது நம் வட்டத்தில் ஒரு வசைச்சொல். ஒரு கவிதையை ஒதுக்கிவிட ‘காலண்டர் லட்சுமி மாதிரி இருக்கிறது’ என்றால் போதும்; மேற்கொண்டு யாரும் காரணம் கேட்பதில்லை. காரணம் கேட்கப்படாத எந்த விமர்சனச் சொல்லும் சந்தேகத்துக்குரியது. நாரணாபுரத்திலிருந்து பார்க்கிறவனுக்கு இது வெறும் உவமையாக இருக்கவும் முடியாது. சிவகாசியை ஒட்டிய இந்த ஊர்களில் காலண்டர் ஒரு தொழில், ஒரு வாரக்கூலி. அதனால் அந்தச் சொல்லைக் கொஞ்சம் நிறுத்தி விசாரிக்கலாம் என்று தோன்றுகிறது.

பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். பின்னால் வந்த பட்டாசுக்கும் வேண்டும். லேபிளுக்காக அச்சகம் வந்தது, அச்சகத்துக்கு ஓயாமல் வேலை வேண்டுமென்பதால் காலண்டர் வந்தது. ஆக, இந்தக் கலையின் பிறப்பே ஒரு பெட்டியின் மேல்தாளாகத்தான். இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஒரு கலை எதற்காகப் பிறந்தது என்பது அதன் உருவத்தில் எங்கோ தங்கியிருக்கும் என்பதற்காகச் சொல்கிறேன்.

படங்களை வரைந்தவர்களில் முதன்மையானவர் சி. கொண்டையராஜு (1898-1976). சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலை எழுதியவர். கோவில்பட்டியில் தங்கிச் சீடர்களைத் தயாரித்தவர். அதே எழும்பூர்ப் பள்ளிக்குப் பின்னால் முதல்வராக இருந்தவர் கே.சி.எஸ். பணிக்கர், 1966இல் சோழமண்டலத்தை அமைத்தவரும் அவரே. சிறுபத்திரிகை அட்டைகளில் ஆதிமூலத்தின் கோடுகள் வந்த காலத்தில் கொண்டையராஜு உயிரோடு இருந்தார். ஒரே பள்ளியிலிருந்து கிளம்பிய இரண்டு வழிகள். ஒன்றை நம் பத்திரிகைகள் தாங்கின. இன்னொன்றைக் கூரை வீடுகளின் மண்சுவர்கள் தாங்கின.

வால்டர் பெஞ்சமின் 1936இல் வெளியிட்ட கட்டுரை நம்மில் பலருக்கும் மனப்பாடம்: இயந்திரம் பிரதியெடுக்கும்போது கலைப்பொருளைச் சுற்றியுள்ள ஒளிவட்டம் மங்கிவிடும். சிவகாசியில் நடப்பது இதற்கு நேர் எதிர். ஆயிரக்கணக்கான பிரதிகளில் ஒன்று ஒரு வீட்டுக்குள் நுழைகிறது. குங்குமம் வைத்து, சூடம் காட்டியதும் அது தனி ஒன்றாகிவிடுகிறது. வருஷம் முடிந்தும் தூக்கியெறிய மனம் வருவதில்லை. வெட்டிச் சட்டம் போடுகிறார்கள், அல்லது அரச மரத்தடியில் கொண்டுபோய்ச் சாத்துகிறார்கள். அந்த வீட்டில் மூலப்படம் எங்கே என்ற கேள்விக்கே இடமில்லை. ஒளிவட்டம் அச்சிலிருந்து வரவில்லை, கையிலிருந்து வந்தது. பெஞ்சமின் தவறு என்று இதற்கு அர்த்தமில்லை. அவருடைய அளவுகோலை அப்படியே கொண்டுவந்து இந்தச் சுவரில் சாத்த முடியாது, அவ்வளவுதான்.

நாம் படத்தைத் திட்டுகிறோமே தவிர, காலண்டரைப் பார்ப்பதில்லை. மேலே அட்டையில் ஒரு தெய்வம், வருஷம் முழுக்க மாறாத புன்னகையோடு. கீழே நாள்தாள் கட்டு: ராகு காலம், எமகண்டம், சூலம், ராசிபலன். தினம் ஒன்றாகக் கிழிபட்டு மெலிந்துகொண்டே போகிறது. ஐப்பசி, கார்த்திகையில் விரலால் தடவினாலே தெரிந்துவிடும், வருஷம் எவ்வளவு மிச்சமென்று. மாறாததையும் தீர்ந்துபோவதையும் ஒரே ஆணியில் தொங்கவிட்ட உருவம் இது. புதுக்கவிதையில் காலத்தைப் பற்றி நாம் எழுதியதில் எத்தனை இந்த அளவுக்குக் கச்சிதமாக அமைந்திருக்கிறது? கிழித்த தாளின் முதுகில் பால் கணக்கு எழுதுகிறார்கள். மருந்துக் கடையில் மாத்திரை மடித்துத் தருகிறார்கள். போன நாள் வீணாவதுகூட இல்லை.

மார்கழியில் வங்கிக் கவுன்ட்டருக்கு வருகிறவர்கள் பணத்தை எண்ணி வாங்கியதும் காலண்டர் கேட்பார்கள். நாங்கள் தருவது கட்டங்களும் விடுமுறைச் சிவப்பும் கொண்ட மாதக் காலண்டர். ‘சாமி படம் போட்டது இல்லையா சார்?’ என்று திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அவர்கள் நிராகரிப்பது ஒரு வடிவமைப்பை; அதுவும் ரசனையின் தீர்ப்புத்தான்.

இன்று அந்தப் படம் மட்டும் தனியே கழன்று செல்போனுக்குள் போய்விட்டது. காலையில் வாட்ஸ்அப்பைத் திறந்தால் லட்சுமி, ரோஜாப்பூ, ‘இனிய வெள்ளிக்கிழமை’. காலண்டர் படத்தின் பேரப்பிள்ளை இது. ஆனால் அடியில் தாள்கட்டு இல்லை. எத்தனை தள்ளினாலும் மெலிவதில்லை, தீர்வதே இல்லை. ஒரு நாள் போயிற்று என்று கை உணரும் செய்கை அதில் கிடையாது. நெருக்கடி என்று நாம் பெரிதாகப் பேசுவதில் ஒரு பகுதி, முடிவே தெரியாத இந்தத் தள்ளல்தான் என்று நினைக்கிறேன். வெகுஜனக் கலையைக் கண்டிக்க வேண்டுமானால் இந்த இடத்தில் கண்டிக்கலாம்.

காலண்டரையும் கண்டிக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. அது அழகு குறித்ததல்ல. லட்சுமியின் உள்ளங்கையிலிருந்து பொற்காசு கொட்டுகிறது. சுத்தமான, ரேகைகூடத் தெரியாத கை. பட்டாசு ஆலையில் மருந்து கலக்குகிறவரின் கை அலுமினியத் தூள் படிந்து வெள்ளியாக மின்னுகிறது. தீப்பெட்டியை குரோஸ் கணக்கில், 144ஆக எண்ணுகிற கைகள் உண்டு. ஆடிப் பதினெட்டுக்கே அடுத்த வருஷ ஆல்பத்தை வெளியிட்டுவிடும் ஊர் இது; ஊருக்கெல்லாம் தேதி கொடுக்கிறவர்களின் சொந்த நாள் உருப்படிக் கணக்கில் கரைகிறது. அந்தக் கைகள் எந்த லேபிளிலும் வந்ததில்லை. லேபிளில் நடிகர் வந்தார், கார்ட்டூன் பாத்திரம் வந்தது. சலம் பென்னூர்கர் 1990இல் எடுத்த ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ ஆவணப்படத்தில்தான் அவை பிம்பமாயின. நேரு சூட்டியதாக ஊர் பெருமையோடு சொல்லும் பெயரைத் தலைப்பிலேயே திருப்பிப் போட்ட படம் அது. 2018 அக்டோபரில் உச்சநீதிமன்றம் சரவெடியையும் பேரியத்தையும் தடுத்தபோது, தில்லியின் மூச்சைப் பற்றிப் பேசினார்கள், ஆலைகளின் நஷ்டத்தைப் பற்றியும் பேசினார்கள். மூச்சும் நியாயம், நஷ்டமும் நிஜம். சரம் பின்னிக்கொண்டிருந்த பெண்ணின் கை இரண்டு பேச்சுக்கும் நடுவில் மேல்தாளுக்கு அடியிலேயே இருந்துவிட்டது.

நம் நவீனத்துவம் காலண்டரை விலக்கியதற்குச் சொன்ன காரணம் அது பொய்யான அழகு என்பது. சரி. ஆனால் மறைக்கப்பட்ட அந்தக் கையை நம் கவிதைகள் எத்தனை முறை எழுதின? அந்நியமாதல் என்ற சொல்லை நாம் நகரத்து அறைகளிலேயே செலவழித்துத் தீர்த்தோம். லேபிள் மறைத்ததை நாமும் மறைத்திருந்தால், லேபிளைப் பார்த்து முகம் சுளிக்கும் உரிமை நமக்கு எங்கிருந்து வருகிறது?

வெகுஜனக் கலையைக் கும்பிடச் சொல்லவில்லை. அந்தப் புதுப் பழக்கமும் இப்போது வந்துகொண்டிருக்கிறது. சுளிப்பைப் போலவே அதற்கும் பார்வை தேவைப்படுவதில்லை. ஒரு படத்தின் முன் நிற்கும்போது இரண்டு கைகளைக் கேட்கலாம்: இதை உண்டாக்கிய கை எது, இதற்குப் பொட்டு வைக்கும் கை எது. இவ்விரண்டையும் கேட்ட பிறகும் ஒரு கவிதை மோசமாகவே தெரிந்தால், தாராளமாகக் காலண்டர் படம் என்று திட்டிக்கொள்ளலாம்.