பிலிம் யாருடைய உண்மையைப் பேசுகிறது?

ஜார்ஜ்டவுனில் பிலிம் கேமரா மறுபடியும் தோளில் தொங்கத் தொடங்கிவிட்டது. ஆர்மீனியன் தெரு, லிட்டில் இந்தியா, தைப்பூச ரத ஊர்வலம் என்று எங்கே போனாலும் யாராவது ஒருத்தர் ரோல் மாற்றிக்கொண்டிருப்பார். ஏன் பிலிம் என்று கேட்டால், "டிஜிட்டல் எல்லாம் பொய், பிலிம்தான் உண்மை" என்கிறார்கள். 36 படத்தோடு முடிகிற ரோல் நிதானத்தைப் பழக்குகிறது என்றால் சரி, ஒத்துக்கொள்ளலாம். 'உண்மை' என்ற சொல்தான் இடிக்கிறது.

வண்ணப் பிலிம் ஒன்றும் நடுநிலையாகப் பிறந்ததில்லை. 1950களிலிருந்து கோடாக் நிறுவனம் லேப்களுக்கு அனுப்பிய மாதிரி அட்டையில் ஒரு வெள்ளைக்காரப் பெண் இருந்தார். அதற்கு 'ஷெர்லி அட்டை' என்றே பெயர். அவர் தோல் சரியாக வந்தால் பிரிண்ட் சரி. கறுத்த முகங்கள் விவரம் இழந்து இருண்டன. பிறகு நிலைமை மாறியது. சாக்லெட்டும் மரச்சாமானும் விற்றவர்கள் தங்கள் பழுப்பு நிறங்கள் சரியாக வரவில்லை என்று கொடுத்த புகாரும் அதற்கு ஒரு காரணம் என்று கோடாக்கில் வேலை செய்தவர்களே பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். நம் வீடுகளில் இருக்கும் பழைய கல்யாண ஆல்பங்களைப் புரட்டிப் பாருங்கள். மாப்பிள்ளையின் வெள்ளைச் சட்டை பளிச்சென்று இருக்கும், முகத்தைத் தேட வேண்டியிருக்கும்.

அப்படியென்றால் டிஜிட்டல் யோக்கியமா? அதுவும் இல்லை. சென்சார் ஒளியை மட்டும்தான் அளக்கிறது. அதைத் தோல் நிறமாக மாற்றுவது மென்பொருள். கேட்காமலேயே முகத்தை வெளுப்பாக்கித் தரும் கைப்பேசிகளை நாம் பார்க்காததா?

வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. முடிவு யார் கையில் என்பதுதான் அது. 'ரா' கோப்பில் படம் எடுத்தால் நிறம், நிழல் எல்லாவற்றையும் பிறகு நாமே தீர்மானிக்கலாம். பிலிமில் அந்த உரிமை வேண்டுமென்றால் இருட்டறையில் நாமே பிரிண்ட் போட வேண்டும், இல்லையென்றால் நாமே ஸ்கேன் செய்ய வேண்டும். இங்கே பெரும்பாலோர் ரோலை லேப்பில் கொடுத்துவிட்டு, ஸ்கேன் செய்த படத்தைக் கைப்பேசியில் வாங்கிக்கொள்கிறார்கள். 'பிலிம் கலர்' என்று அவர்கள் கொண்டாடுவதில் பாதி, லேப் ஸ்கேனரின் மென்பொருள் போட்ட கலர்!

தண்ணீர்மலைப் படிகளில் நண்பகல் வெயில். கறுத்த உடம்பு, வெள்ளை வேட்டி, தோளில் காவடி. நெகட்டிவ் பிலிம் என்றால் முகத்துக்கு ஒளியை அளந்து கொஞ்சம் கூடவே கொடுக்கலாம், தாங்கும். டிஜிட்டல் என்றால் வேட்டி வெந்துபோகாமல் எடுத்துவிட்டு, பிறகு முகத்தின் நிழலைத் தூக்கலாம். இரண்டிலும் முகத்தைக் காப்பாற்ற முடியும். ஆனால் தானியங்கியை நம்பி விட்டால் இரண்டுமே கைவிட்டுவிடும்.

என்னைக் கேட்டால், இருட்டறையில் நிற்கப் பொறுமை இருப்பவர்கள் பிலிம் வாங்கட்டும். மற்றவர்களுக்கு டிஜிட்டல் போதும். எதை வாங்கினாலும் கடையில் நிற்கும்போது ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இதில் என் அம்மாவின் முகம் அவர் நிறத்திலேயே வருமா? வராவிட்டால், அதைச் சரிசெய்யும் உரிமை என்னிடம் இருக்குமா?